“நாளைக்கு வரேம்மா” என்கிறார் இன்ஜினியர். சென்ட்ரிங் வாடகை ஓடுகிறது

கேள்வி:

வணக்கம் மேடம். எங்களுக்குப் பென்னாகரம் பக்கம் ஒரு கிராமம். என் வீட்டுக்காரர் பெங்களூரில் பெயின்ட் வேலை செய்கிறார். மாதத்தில் இரண்டு தடவை சனிக்கிழமை ராத்திரி வந்து திங்கள் விடிகாலை கிளம்பிவிடுவார். பல வருசம் சேர்த்த காசில் வீடு கட்டுகிறோம். தர்மபுரி டவுனில் இருக்கிற ஒரு இன்ஜினியரிடம் பிளான் போட, அனுமதி வாங்க, அப்பப்ப வந்து வேலையைப் பார்க்க என்று எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய் பேசினோம். 45,000 கொடுத்துவிட்டோம். அஸ்திவாரம் வரைக்கும் ஒழுங்காகத்தான் வந்தார். இப்போது மேல்தளத்துக்குக் கம்பி கட்டி முடிந்து நிற்கிறது. “நான் வந்து கம்பியைப் பார்க்காமல் கான்கிரீட் போடக் கூடாது” என்று சொன்னவரும் அவர்தான். புதன்கிழமை வருகிறேன் என்றார், வரவில்லை. சனிக்கிழமை என்றார். வீட்டுக்காரர் லீவு போட்டு வந்து காத்திருந்தார், அன்றைக்கும் வரவில்லை. போனை எடுப்பதில்லை. எடுத்தால் “நாளைக்கு வரேம்மா” என்கிறார். கான்கிரீட் ஆட்கள் ஒருநாள் வந்து சும்மா திரும்பினார்கள், அரைநாள் கூலி கொடுத்தேன். கான்கிரீட்டைத் தாங்க அடியில் நிறுத்தியிருக்கிற பலகை, முட்டு, அந்தச் சென்ட்ரிங் வாடகை தினமும் ஏறுகிறது. “நானே பாத்துக்கறேன், போட்டுடலாம்” என்று மேஸ்திரி சொல்கிறார்.

இன்னொன்று. மாமியாருக்கு மூட்டுவலி. தர்மபுரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காலை பத்து மணிக்கு டோக்கன் என்று வரச் சொன்னார்கள். டாக்டர் மூன்று மணி வரைக்கும் வரவில்லை. எங்கள் ஊருக்குச் சாயங்காலம் ஒரே பஸ்தான் என்பதால் பார்க்காமலே திரும்பினோம்.

படித்தவர்கள் என்று நாங்கள் எதுவும் கேட்பதில்லை. கேட்டால் கோபித்துக்கொண்டு பாதியில் விட்டுவிடுவாரோ என்று பயமாகவும் இருக்கிறது. சொன்ன நாளுக்கு வராதவர்களைக் கேட்கச் சட்டம் ஏதாவது இருக்கிறதா? கொடுத்த பணம் போய்விடுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பென்னாகரம் வட்டம்

வழக்கறிஞரின் பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் மேஸ்திரிக்குப் பதில் சொல்லிவிடுங்கள். படித்த இன்ஜினியர் ஒருவர் கம்பியைப் பார்க்காமல் கான்கிரீட் போட வேண்டாம். வாடகை ஏறுகிற பதற்றத்தில் பலர் செய்துவிடுகிற காரியம் இது. கான்கிரீட் விழுந்த பிறகு கம்பிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விட்டார்கள், கம்பி தரையில் ஒட்டாமல் தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக் கட்டிகளை அடியில் வைத்தார்களா, சன்ஷேடு கம்பி மேலே இருக்க வேண்டியது கீழே போய்விட்டதா என்று யாராலும் பார்க்க முடியாது. நாளைக்குத் தளத்தில் விரிசல் விட்டால் அந்த இன்ஜினியர் சொல்லப்போவதும் எனக்குத் தெரியும்: “நான் பார்க்கவே இல்லை, பார்க்காமல் போடக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன்.” வராமல் இருந்த தவறு அவருடையதாக இருக்க, பழி உங்கள் தலையில் விழும். வீடும் போய் வழக்கும் போகும்.

அதற்காக அவர் வருகிற வரைக்கும் காத்துக்கொண்டே இருங்கள் என்றும் சொல்ல மாட்டேன்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது வாடகைக் கணக்கு அல்ல. “படித்தவர்கள் என்று நாங்கள் எதுவும் கேட்பதில்லை” என்ற வரி. நம் மாவட்டத்தில் இதை நான் நிறையப் பார்க்கிறேன். பாலக்கோடு தக்காளி மண்டிக்கு விடிகாலையில் வர வேண்டிய வண்டி பத்து மணிக்கு வந்தால், வியாபாரி டிரைவரைச் சும்மா விடுவாரா? நேரம் தப்பினால் விலை போய்விடும் என்று எல்லோருக்கும் அங்கே தெரியும், வாய்விட்டுக் கேட்பார்கள். அதே மனிதர் டாக்டர் அறைக்கு முன்னால், வக்கீல் ஆபீஸ் திண்ணையில், இன்ஜினியர் போனுக்காக நாள் முழுக்கக் கைகட்டி உட்கார்ந்திருப்பார். அவர்களுடைய நேரம் பெரிது, நம்முடையது சும்மா கிடைக்கிறது என்று யாரோ நம்மை நம்பவைத்துவிட்டார்கள். உங்கள் வீட்டுக்காரர் ஒருநாள் லீவு போட்டால் ஒருநாள் சம்பளம் போகிறது. மாதச் சம்பளம் வாங்குகிறவருக்கு லீவு என்பது வேறு, தினக்கூலிக்காரருக்கு வேறு. அந்த இழப்பைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் கிடையாது. நீங்கள் 45,000 ரூபாய் கொடுத்திருக்கிறீர்கள். வந்து பார்ப்பதற்கும் சேர்த்துத்தான் அந்தப் பணம்.

இனி சட்டம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இல் வந்தது, இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. அதன் 73வது பிரிவுதான் உங்களுக்கு வேண்டியது. ஒருவர் ஒப்புக்கொண்டதைச் செய்யாமல் விட்டால், அதனால் இயல்பாக ஏற்படுகிற இழப்பையும், இப்படி ஒரு இழப்பு வரும் என்று ஒப்பந்தம் பேசும்போதே இரு தரப்புக்கும் தெரிந்திருந்த இழப்பையும் அவரிடம் கேட்கலாம் என்கிறது அது. சென்ட்ரிங் வாடகை முதல் வகை. கட்டடத் தொழிலிலேயே இருக்கிறவர், வாடகை ஓடுவது எனக்குத் தெரியாது என்று சொல்லவே முடியாது. வந்து திரும்பிய ஆட்களின் கூலியும் அப்படித்தான். ஆனால் உங்கள் வீட்டுக்காரர் பெங்களூரில் லீவு போட்டு வந்தது? அதை நீங்கள் முன்கூட்டிச் சொல்லியிருந்தால்தான் அவருக்குத் தெரியும். அதனால் இனி யாரிடம் நாள் குறித்தாலும் அந்த நாள் தவறினால் உங்களுக்கு என்ன நட்டம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். “சனிக்கிழமை நீங்க வர்றதுக்காக அவர் பெங்களூர்லேருந்து லீவு போட்டு வர்றார் சார், ஒருநாள் சம்பளம் போயிடும்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பினால் போதும். பாதி பேர் அதைப் படித்த பிறகு வந்துவிடுவார்கள். வராதவர்களிடம் கேட்க உங்கள் கையில் ஆதாரம் இருக்கும்.

அதே பிரிவு உங்கள் பக்கமும் ஒரு கடமையை வைக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. இழப்பைக் குறைக்க உங்களுக்கு வழி இருந்ததா, அதை நீங்கள் பயன்படுத்தினீர்களா என்பதும் பார்க்கப்படும். மூன்று மாதம் சென்ட்ரிங்கை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு மூன்று மாத வாடகையையும் கொடு என்றால், “தர்மபுரியில் வேறு இன்ஜினியரே இல்லையா?” என்று கேட்பார்கள். பதில் சொல்ல முடியாது. ஆகவே சீக்கிரம் முடிவெடுப்பது வீட்டுக்கும் நல்லது, வழக்குக்கும் நல்லது.

இன்றைக்கே இந்தச் செய்தியை அவருக்கு அனுப்புங்கள். கூலி, வாடகைத் தொகையை மட்டும் நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள்.

“வணக்கம் சார். எங்கள் வீட்டு மேல்தளக் கம்பி வேலை முடிந்து, நீங்கள் வந்து பார்ப்பதற்காக நிற்கிறது. முதலில் புதன்கிழமையும் பிறகு சனிக்கிழமையும் வருவதாகச் சொன்னீர்கள். இரண்டு நாளும் வரவில்லை. இதனால் ஆட்கூலி இவ்வளவு கொடுத்தோம், சென்ட்ரிங் வாடகை நாளொன்றுக்கு இவ்வளவு ஆகிறது. வரும் வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குள் வந்து பார்த்துக் கொடுங்கள். உங்களால் முடியாவிட்டால் உங்கள் சார்பில் தகுதியான வேறு இன்ஜினியரை அனுப்புங்கள். இரண்டும் இல்லையென்றால் சனிக்கிழமை நாங்களே வேறொருவரை வைத்துப் பார்த்துக்கொள்வோம். அந்தச் செலவையும் இதுவரை ஆன இழப்பையும் உங்களுக்குத் தர வேண்டிய மீதித் தொகையில் கழித்துக்கொள்வோம். கம்பி விவரம் உள்ள வரைபடத்தை இன்றே அனுப்பி வையுங்கள்.”

இதே வாசகத்தை வெள்ளைத் தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, அவருடைய அலுவலக முகவரிக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அனுப்புவதற்கு முன்னால் தாளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் செய்தி எதற்கு என்று கேட்பீர்கள். இதுவரை அவர் நாளைத் தள்ளியபோதெல்லாம் நீங்கள் “சரிங்க சார்” என்று சொல்லியிருப்பீர்கள். நீங்கள் ஒத்துக்கொண்டுதான் தள்ளிப்போனது என்று அவர் வாதிட அதுவே வழி. நியாயமான கெடு ஒன்றை எழுத்தில் கொடுத்துவிட்டால் அந்த வாதம் எடுபடுவது கடினம். அவருக்கு உண்மையிலேயே ஏதாவது சங்கடம் இருந்தால் அதைச் சொல்லவும் இது ஒரு வாய்ப்பு. வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் இருக்கலாம். வேறு கட்டடத்தில் ஏதாவது இடிந்து விழுந்திருக்கலாம். காலையிலேயே போன் செய்து “இன்னைக்கு வர முடியலம்மா, ஆட்களை நிறுத்திடுங்க” என்று சொல்கிற இன்ஜினியரோடு நான் சண்டைக்குப் போகச் சொல்ல மாட்டேன். ஆட்கள் வந்து நிற்கும்போது போனை எடுக்காமல் விடுகிறவரைத்தான் சும்மா விடக் கூடாது.

கோபத்தில் செய்தியில் வசவு எதையும் சேர்த்துவிடாதீர்கள். “ஏமாத்துக்காரன்” என்று அவருடைய படத்தைப் போட்டு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைப்பதும் வேண்டாம். உங்கள் கொழுந்தன்மார், தம்பிமார் யாராவது உங்களுக்காகக் கோபப்பட்டு இதைச் செய்யக்கூடும், இப்போதே சொல்லி வையுங்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356வது பிரிவில் அவதூறு குற்றம். உங்கள் நட்டத்துக்கு அவர் பதில் சொல்ல வேண்டிய இடத்தில், அவர் புகாருக்கு நீங்கள் பதில் சொல்லிக்கொண்டு நிற்பீர்கள்.

வெள்ளிக்கிழமை போய்விட்டது, அவர் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். வேறொரு பொறியாளரை ஒருமுறை பார்வையிடக் கூப்பிடுங்கள். வரைபடத்தை அவரிடம் காட்டுங்கள். பழைய இன்ஜினியர் வரைபடம் தரவில்லை என்றால், கட்டியிருக்கும் கம்பியை அளந்து பார்த்து எழுத்தில் சொல்லக்கூடியவராகத் தேடுங்கள். தேதி, நேரத்தோடு கம்பியை எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஃபீஸைக் கையில் கொடுக்காமல் ஜிபேயில் அனுப்பி, ஒரு துண்டுச் சீட்டிலாவது ரசீது வாங்குங்கள். நாள் கணக்கில் வெயிலிலும் மழையிலும் நின்ற கம்பியில் துரு செதிலாக உரிகிறதா என்பதையும் அவரையே பார்க்கச் சொல்லுங்கள்.

கொடுத்த பணம் போய்விடுமா என்று கேட்டிருந்தீர்கள். முழுவதும் போகாது, முழுவதும் திரும்பியும் வராது. பிளான் போட்டார், அனுமதி வாங்கிக் கொடுத்தார், அஸ்திவாரத்தைப் பார்த்தார். அந்த வேலைக்கான பணம் அவருக்குச் சேர வேண்டியதுதான். செய்யாமல் விட்ட மேற்பார்வைக்கு உரிய பங்கும், உங்கள் இழப்பும்தான் நீங்கள் கேட்க முடிந்தவை. மீதி 15,000 ரூபாய் இன்னும் உங்கள் கையில் இருக்கிறது. “மீதியைப் போட்டுவிடுங்கள், உடனே வந்துவிடுகிறேன்” என்று சொன்னால் போடாதீர்கள். வந்து பார்த்த பிறகு அந்தக் கட்டத்துக்கு உரியதைக் கொடுங்கள்.

இன்னொரு விஷயம். ஊரில் தனியாக நின்று வீடு கட்டும் பெண்களிடம் “வீட்டுக்காரரைப் பேசச் சொல்லும்மா” என்று சொல்லித் தட்டிக்கழிப்பது வழக்கமாகிவிட்டது. பணம் அவர் கணக்கிலிருந்து போயிருந்தாலும் பரவாயில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பணம் கொடுத்தவர் மட்டும் நுகர்வோர் அல்ல. அவர் சம்மதத்தோடு அந்தச் சேவையின் பயனைப் பெறுகிறவரும் நுகர்வோர்தான். கேள்வி கேட்கவும் புகார் கொடுக்கவும் உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

அந்தப் புகாரைக் கொடுக்கும் இடம் தர்மபுரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். ஒப்புக்கொண்ட சேவையை ஒப்புக்கொண்ட விதத்தில் செய்யாததைச் சட்டம் சேவைக் குறைபாடு என்கிறது. வீடு கட்டும் வேலையும் சேவைதான் என்று உச்ச நீதிமன்றம் 1993லேயே தீர்ப்பளித்திருக்கிறது. இப்போதைய சட்டத்திலும் அது வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறது. சேவைக்காகக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே கிடையாது. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும். வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம். இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் புகாரைப் பதியலாம். அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். பெரிய நிறுவனங்கள் மீதான புகாருக்கு அந்த எண் நன்றாக உதவும். உங்கள் ஊர் இன்ஜினியர் விஷயத்தில் நேரே ஆணையத்துக்குப் போவதுதான் பயன் தரும் என்பது என் கருத்து.

கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரியில் தர்மபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகிவிட்டதால், ஓசூர், ஊத்தங்கரை, போச்சம்பள்ளிப் பக்கத்து வாசகர்கள் கிருஷ்ணகிரி ஆணையத்துக்குப் போக வேண்டும். ஓசூர்க்காரர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். பெங்களூரில் ஆபீஸ் வைத்திருக்கும் ஆர்க்கிடெக்டையோ இன்டீரியர் ஆட்களையோ அமர்த்திவிட்டு, “பெங்களூருக்குப் போய்க் கேஸ் நடத்த முடியுமா?” என்று விட்டுவிடுகிறார்கள். பழைய சட்டத்தில் அந்தச் சிரமம் இருந்தது. 2019 சட்டத்தில் நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். அவர்தான் எல்லையிலிருக்கும் அத்திப்பள்ளியைத் தாண்டி வர வேண்டும்.

எத்தனை நாளில் முடியும் என்றால், எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததிலிருந்து 3 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் அதைவிட நீளும். அங்கேயும் வாய்தா உண்டு. காத்திருந்த கஷ்டத்துக்காகப் புகார் கொடுத்துவிட்டு அங்கே போயும் காத்திருப்பது எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் முதலில் எழுத்துப்பூர்வமான கெடு, பிறகு மீதித் தொகையில் கழிவு, அதற்கும் மேல் இழப்பு இருந்தால்தான் புகார் என்று சொல்கிறேன். உங்கள் கணக்கைக் கூட்டிப் பாருங்கள். கூலி, வாடகை, புது இன்ஜினியர் ஃபீஸ் எல்லாம் 15,000க்குள் அடங்கிவிட்டால், விவரமாகக் கணக்கு எழுதி அனுப்பிவிட்டு வீட்டைக் கட்டுங்கள். அதைத் தாண்டினால் விடாதீர்கள்.

ஆதாரம் என்றதும் எல்லோரும் பெரிய பத்திரத்தை நினைத்துக்கொள்கிறார்கள். ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து என்னிடம் வந்த ஒரு பெரியவர் வீட்டில், மருமகள் தினத்தாள் காலண்டரைக் கிழித்து எறியாமல், யார் என்றைக்கு வருகிறேன் என்று சொன்னார்கள், வந்தார்களா, யாருக்கு எவ்வளவு கூலி என்று அந்தந்தத் தாளின் பின்பக்கம் எழுதி ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் அந்தக் கட்டைப் பார்த்த பிறகு பேச்சுவார்த்தைக்கு வந்துவிட்டார். அன்றன்றைக்கு எழுதியதற்கு அவ்வளவு மதிப்பு. போனில் பேசியதையும் பேசி முடித்த உடனே “நீங்க இப்ப சொன்ன மாதிரி புதன்கிழமை பத்து மணிக்கு எதிர்பார்க்கிறோம் சார்” என்று ஒரு வரி செய்தியாக அனுப்பிவிடுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். போனை மாற்றினால் பழைய போனை விற்றுவிடாதீர்கள். மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் கொடுக்கும்போது, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63வது பிரிவுப்படி ஒரு சான்றிதழும் கேட்கப்படலாம். அதை எழுதித் தர வக்கீல் உதவுவார்.

பாதியில் விட்டுவிடுவாரோ என்ற பயம் நியாயமானது. அதற்கும் வழி இருக்கிறது. செய்தியை அனுப்பும் முன்னால் அனுமதி ஆணை, அங்கீகரித்த பிளான், கம்பி வரைபடம் மூன்றின் நகலும் உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். எது இல்லையோ அதை முதலில் சாதாரணமாகக் கேட்டு வாங்கிவிடுங்கள். இந்தக் காகிதங்கள் உங்கள் கையில் இருந்தால் அவர் விலகினாலும் இன்னொருவர் தொடர முடியும். அனுமதிக் காகிதத்தில் அவர் கையெழுத்து இருப்பதால், ஆளை மாற்றுவதானால் அனுமதி கொடுத்த அலுவலகத்தில் என்ன எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் இருப்பதுபோல் சிவில் இன்ஜினியர்களுக்கு நாடு முழுமைக்குமான சட்டப்படியான கவுன்சில் இல்லை. ஆர்க்கிடெக்ட் என்றால் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கவுன்சில் இருக்கிறது, அங்கே புகார் செய்யலாம்.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். டாக்டர் தாமதமாக வந்தார் என்பதற்காக மட்டும் வழக்குப் போட்டால் பெரும்பாலும் நிற்காது. அவசர அறுவைச் சிகிச்சை ஒன்று வந்துவிட்டால் எந்த டாக்டரும் ஓ.பி.யை விட்டுவிட்டு அங்கேதான் போக வேண்டும், போகத்தான் நாமும் சொல்வோம். காசு வாங்கிப் பார்க்கும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சொல்லிவிட்டது உண்மை. ஆனால் தாமதத்தால் நோயாளிக்குக் கெடுதல் நேர்ந்தது என்று காட்ட முடிந்தால்தான் அது வலுவான வழக்கு. டோக்கனுக்கு முன்பணம் கட்டியிருந்தால் அதைத் திருப்பிக் கேளுங்கள், அதில் தயக்கமே வேண்டாம்.

இங்கே குறை பெரும்பாலும் ஆஸ்பத்திரி நிர்வாகத்துடையது. நம் ஊர்த் தனியார் மருத்துவமனைகளில் சிறப்பு மருத்துவர்கள் சேலத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வாரத்தில் குறித்த நாளில் வந்து போகிறார்கள். சேலத்திலிருந்து வருகிறவர் தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து கிடந்தால் மாட்டிக்கொள்வார். அவர் கிளம்பவே தாமதம் என்பது ரிசப்ஷனில் இருப்பவருக்குக் காலையிலேயே தெரிந்திருக்கும். ஆனாலும் “பத்து மணிக்கு வந்துடுங்க” என்று எல்லோரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொல்லி உட்கார வைப்பார்கள். அடுத்த முறை பஸ் ஏறும் முன்னால் போன் செய்து, “டாக்டர் எத்தனை மணிக்கு வருவார்” என்று கேட்காமல், “டாக்டர் வந்து உட்கார்ந்துட்டாரா, எத்தனையாவது நம்பர் பாக்கறாங்க” என்று கேளுங்கள். போன உடனே, எங்களுக்கு இத்தனை மணிக்குத்தான் பஸ், வயசானவங்க, மூட்டுவலியோட உட்கார முடியாது என்று சொல்லுங்கள். மேலாளருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். ஒருவர் எழுதினால் குப்பையில் போடுவார்கள், பத்துப் பேர் எழுதினால் டோக்கன் முறையை மாற்றுவார்கள். எக்ஸ்ரே, ரிப்போர்ட் எதுவும் அங்கே இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவப் பதிவேட்டின் நகலை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை. மூட்டுவலிக்குத் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் எலும்புப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கிவிட்டால் சாயங்கால பஸ்ஸுக்குத் திரும்பிவிடலாம்.

டாக்டரையும் இன்ஜினியரையும் சொல்லிவிட்டு என் தொழிலைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. அரூரிலிருந்தும் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்தும் விடிகாலை பஸ் ஏறி கோர்ட்டுக்கு வந்து, வக்கீல் வரவில்லை, ஜூனியர் வாய்தா வாங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டுத் திரும்புகிறவர்களை நான் தினம் பார்க்கிறேன். அவர்கள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது. வழக்கறிஞர் சேவை அந்தச் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 2024 மே 14 அன்று தீர்ப்பளித்துவிட்டது. ஆனால் வழி அடைபட்டுவிடவில்லை. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35வது பிரிவில் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பலாம். ஒவ்வொரு வழக்குக்கும் கோர்ட்டில் தரும் தனி அடையாள எண்ணான சிஎன்ஆர் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டால், இ-கோர்ட்ஸ் செயலியில் அடுத்த வாய்தா எப்போது, போன வாய்தாவில் என்ன நடந்தது என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். அந்த எண்ணைத் தரத் தயங்குகிற வக்கீலை மாற்றிவிடுங்கள். ஃபீஸ் பாக்கி இருக்கிறது என்பதற்காக வழக்குக் கட்டைத் தராமல் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதை எழுதுவதில் எனக்கு எந்தச் சங்கடமும் இல்லை. கட்சிக்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது இது.

உங்களுக்குச் செலவில்லாமல் ஒரு வக்கீல் கிடைப்பார். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. தர்மபுரியில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணில் கேட்டுவிட்டும் போகலாம். வழக்கு என்று ஆவதற்கு முன்பே அந்த இன்ஜினியரை அழைத்து உட்கார வைத்துப் பேச அவர்களால் முடியும். அங்கிருந்து ஒரு கடிதம் போனால், போனை எடுக்காதவர்கள் எடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆதார் நகல், பணம் அனுப்பிய விவரம், வாட்ஸ்அப் செய்திகளின் அச்சு நகல், கூலி, வாடகைக் கணக்கு இவற்றை ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். அலுவலகம் வேலை நாள்களில்தான் திறந்திருக்கும். அதற்காக வீட்டுக்காரரை இன்னொரு லீவு போடச் சொல்ல வேண்டாம். நீங்கள் தனியாகப் போனாலே போதும், மனுவில் உங்கள் கையெழுத்து மட்டும் இருந்தால் எடுத்துக்கொள்வார்கள்.